அத்தியாயம் 9: பிரிந்த நாள் யூலை ஒன்று

"உன்ர மனுசன் உன்னோடதானே இருக்கிறார்?"

கூட வேலை செய்யும் யோசெப்பின் அப்படிக் கேட்டபோது நிரோஜாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னர், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், ஒரு பே ஸ்டப்பை, சம்பளத் துண்டை, நடுவில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தபோது கேட்ட கேள்வி அது.

மொன்றியலின் லாசாலில் உறைந்த மரக்கறி பொதி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் மூன்று வருடம் ஏஜென்சி ஆளாக நின்றுவிட்டு, மாசி மாதம்தான் நிரோஜா நிரந்தரமானாள். ஏஜென்சி கொடுத்ததைவிட மணிக்கு இரண்டு டொலர் கூட. கோயிலுக்குப் போய் அருச்சனையும் செய்துவிட்டு வந்தவள், முதல் சம்பளத்தை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். கையில் வந்தது அவள் கணக்குப் பார்த்து வைத்திருந்த அளவுக்குக் கூடவில்லை. எங்கேயோ பிழை விட்டிருக்கிறார்கள். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு, கடதாசியோடு ஒருவரிடம் போய் நிற்பதென்றாலே பயம். இரண்டு நாள் அந்தத் துண்டை ஏப்ரன் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தாள்.

யோசெப்பின்தான் பிடித்து இருத்தி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது ஒட்டாவாவுக்குப் போற வரி. இது கெபெக் மாகாணத்துக்கு. ரெண்டு பேருக்கும் குடுக்கவேணும், ரெண்டு மாமி இருக்கிற வீடு மாதிரி. இது வயசு போனாப் பிறகு உனக்குத் திரும்பி வாறது. இது வேலை போனால். இது பிள்ளை பெறுறவைக்கு."

"எனக்கு இனி என்னத்துக்கு அது?"

"ஆர் கண்டது? வெட்டுறவன் உன்னைக் கேட்டே வெட்டுறான்? இது யூனியன். இதுதான் புதுசு, இன்சூரன்ஸ். பல்லு, கண்ணாடி, மருந்து, பிசியோ எல்லாம் இருக்கு. ஆனா உனக்கு மட்டும் எண்டு போட்டிருக்கிறாங்கள், தனியாள் எண்டு." அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இருக்கிறார் என்று நிரோஜா சொன்னாள். அப்படியென்றால் குடும்பம் என்று மாற்றவேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, முப்பது நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்றாள் யோசெப்பின்.

நாளை திங்கட்கிழமை அந்த முப்பதாவது நாள்.

*

ஞாயிறு காலை அவளுடைய கணவன் வினோஜன் கட்டிலின் ஓரத்தில் இருந்தான். நிரோஜா அவனுடைய சட்டையின் வலது கையை முதலில் போட்டு, தோளை அசைக்காமல் மெதுவாக மேலே இழுத்தாள். பிறகுதான் இடது கை. நான்கு மாதமாக இதுதான் ஒழுங்கு.

டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ட் சமையலறையில் அவனுக்கு வேலை. பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி வலது தோள் இறுகிப்போய்விட்டது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. ஆஸ்பத்திரி பிசியோவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள். வெளியே போனால் ஒரு தடவைக்குத் தொண்ணூற்றைந்து டொலர். இரண்டு தரம் போய்விட்டு நிறுத்திவிட்டான். முதலாளி ஐந்து நாள் வேலையை மூன்று நாளாகக் குறைத்திருந்தார். இப்படியே போனால் அந்த மூன்றும் இராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இண்டைக்கு அண்ணை வருவார். அந்தப் படிவத்துக்கு என்ர நம்பர் எல்லாம் அவரிட்டத்தான் இருக்கு," என்றான் வினோஜன்.

"உங்கட கடிதம் எல்லாம் ஏன் அத்தான் வீட்டுக்குப் போகுது? நானும் கேக்கவேணும் கேக்கவேணும் எண்டு..."

"அது பழைய விலாசம். மாத்தேல்லை." அவன் எழும்பினான். "பால் இல்லை, என்ன? தெப்பனர் கடைக்குப் போட்டு வாறன்."

கீழே போகிறவனின் காலடி படிகளில் கேட்டது. நிரோஜா பிரிட்ஜுக்கு மேலிருந்த படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு, அரிசிக் குக்கர் வந்த பெட்டியையும் எடுத்து வைத்தாள்.

அந்தப் பெட்டிக்குள் அரசாங்கத்திலிருந்து வந்த கடிதங்கள் இருந்தன. ஒன்றும் உடைத்ததில்லை. இந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். கடிதம் வந்தால் பெட்டிக்குள் போடுவது, அருமைராசா அண்ணை வந்து உடைப்பது. வினோஜனின் மூத்த அண்ணன். எண்பத்தொன்பதில் கனடாவுக்கு வந்தவர். கோப்பை கழுவி, டாக்சி ஓடி, வினோஜனைக் கூப்பிட்டு, அவனுக்குக் கலியாணமும் செய்துவைத்தவர். நகரத்துக்கு மேற்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு. ஒவ்வொரு பங்குனியும் லப்டொப்போடு முப்பது குடும்பத்துக்கு டாக்ஸ் செய்து கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார், பால் விடாத பிளேன்ரீ மட்டும் குடிப்பார். "இதில ஒரு சைன் வையும் பிள்ளை" என்பார். நிரோஜா வைப்பாள்.

பே ஸ்டப்பை வாசிக்கத் தெரிந்துவிட்டது. இதையும் பார்த்தால் என்ன என்று இன்று தோன்றியது.

முதல் கடிதம் முழுக்கப் பிரெஞ்சு. பிள்ளைக்காசு கொடுக்கிற இடத்திலிருந்து வந்தது என்று மட்டும் விளங்கியது.

"சாரு, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லம்மா."

மகள் சாருஜாவுக்குப் பதினொரு வயது. காலைச் சீரியலை மென்றுகொண்டே வந்து, தோளுக்கு மேலால் எட்டி, பிரெஞ்சை வெள்ளைக்காரப் பிள்ளைபோல் கடகடவென்று வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"இது பிழை அம்மா."

"என்ன பிழை?"

"எங்களை மோனோபரோந்தால் எண்டு போட்டிருக்கு."

"அப்பிடியெண்டா?"

"லியா வீடு மாதிரி. என்ர வகுப்பில லியா. அவளின்ர அப்பா சனிக்கிழமையில மட்டும் வருவார்." சாருஜா கரண்டியை வாயிலிருந்து எடுத்தாள். "அம்மாவும் பிள்ளையும் மட்டும் இருக்கிற வீடு."

நிரோஜா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் அவளுடைய பெயர் இருந்தது. சாருஜாவின் பெயர் இருந்தது. வேறு பெயர் இல்லை.

பெட்டியின் அடியில் அருமைராசா சென்ற வருடம் கொடுத்த டாக்ஸ் நகல் கிடந்தது. அது ஆங்கிலம். எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். திருமணமானவர், சேர்ந்து வாழ்பவர், விதவை, விவாகரத்தானவர், பிரிந்தவர், தனியாள் என்று வரிசையாகச் சின்னச் சதுரங்கள். பிரிந்தவர் என்ற சதுரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. எப்போதிருந்து என்று பக்கத்தில் கேட்டிருந்தது. 2021, யூலை 1.

யூலை முதலாம் திகதி மொன்றியல் முழுக்க வீடு மாறுகிற நாள். அந்த வருடம் அந்த நாளில்தான் இந்த மூன்றாம் மாடிக்கு அவர்களும் வந்தார்கள். சோபா படி வளைவில் சிக்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வினோஜன் மேலே, அண்ணை கீழே, நடுவில் சோபா. கடைசியில் அதன் கால்களைக் கழற்றி ஏற்றிவிட்டு, வெறும் நிலத்தில் மூன்று பேரும் ஒரு பிட்சாவைப் பிய்த்துத் தின்றார்கள். அந்த நாளில்தான் அவளுடைய கணவன் அவளை விட்டுப் போயிருக்கிறான்.

நிரோஜா வாசலைப் பார்த்தாள். மூன்று சோடிச் சப்பாத்து. பெரியது வினோஜனின் வேலைச் சப்பாத்து, பனிக்குத் தெருவில் கொட்டுகிற உப்பின் கறையோடு.

*

அருமைராசாவும் அவர் மனைவி சிவநேசமும் வினோஜனோடு சேர்ந்தே மேலே வந்தார்கள். கீழே படியில் சந்தித்திருக்கிறார்கள்.

"மூண்டு மாடி ஏறுறதுக்கே ஒரு இன்சூரன்ஸ் வேணும்," என்று மூச்சு வாங்கினார் அருமைராசா. அறுபத்தாறு வயது. லப்டொப் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "எங்க பிள்ளை, ரீஃபோர் வந்திட்டுதே? ரெலவே ஒண்டு? டாக்ஸுக்கு அந்தச் சம்பளக் கடதாசி ரெண்டும் வேணும்."

சிவநேசம் ஒரு டப்பாவை நீட்டினாள். "பால்ரொட்டி. சூடா இருக்கு, பிள்ளைக்குக் குடு. என்னடி சாரு, தலை இழுக்கேல்லையே? வா இஞ்ச." சோபாவில் இருந்துகொண்டு சாருஜாவைக் கீழே இருத்தி, சீப்பை வாங்கிப் பின்னத் தொடங்கினாள். எந்த வீட்டுக்குப் போனாலும் சிவநேசத்தின் கை சும்மா இராது.

நிரோஜா தேநீர் போடவில்லை. மேசையில் மூன்று கடதாசிகளை அடுத்தடுத்து வைத்தாள். பே ஸ்டப், இன்சூரன்ஸ் படிவம், சென்ற வருட நகல்.

"அத்தான், நான் ஆரைப் பிரிஞ்சு இருக்கிறன்?"

அருமைராசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். வினோஜன் பால் பெட்டியைப் பிரிட்ஜுக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஓ, இதுவே. இது பேப்பருக்குப் பிள்ளை. நீர் யோசியாதையும்."

"பேப்பருக்கு எண்டா?"

"அந்த நேரம் கொரோனாவில இவனுக்கு வேலை இல்லை. நீரும் வேலைக்குப் போகேல்லை. வாடகைக்கு வழியில்லை. புருசன் பெண்சாதி எண்டு போட்டா ஒரு காசு, தனியப் பிள்ளை வளக்கிற தாய் எண்டு போட்டா அதைவிடக் கூடக் காசு. இவன்ர விலாசத்தை என்ர வீட்டுக்கு மாத்தினன். அண்டைக்கு ஊர் முழுக்க வீடு மாறினது, திகதியும் வசதியா அமைஞ்சுது. அவ்வளவுதான். எத்தினை சனம் செய்யுது!"

நிரோஜா கணவனைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

வினோஜன் பால் பெட்டியில் அச்சடித்திருந்த திகதியைப் பார்த்தான்.

"சொன்னா நீர் சைன் வைச்சிருக்க மாட்டீர்."

சோபாவில் சீப்பு முடிக்குள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சாருஜா தலையைத் திருப்பப் பார்த்தாள். சிவநேசம் கன்னத்தில் விரலை வைத்து அவளை முன்னுக்குத் திருப்பிவிட்டாள்.

நிரோஜாவுக்குக் கோபம் வருமென்று அவளே நினைத்திருந்தாள். வந்தது வேறொன்று. மாதாமாதம் இருபதாம் திகதி வங்கியில் விழும் அந்தக் காசு நினைவுக்கு வந்தது. நல்ல நாடு, பிள்ளை வளர்க்கிறவளுக்கு இவ்வளவு தருகிறதே என்று யோசெப்பினிடம் பெருமையாகச் சொன்னதும், அவள் "எனக்கு இவ்வளவு வாறேல்லையே" என்று யோசித்ததும் நினைவுக்கு வந்தன. அந்தக் காசில் வாங்கிய குளிர்ச் சட்டைதான் அதோ கொழுக்கியில் தொங்குகிறது.

"இப்ப என்ன பிரச்சினை?" என்றார் அருமைராசா. குரல் இரங்கியிருந்தது. "இந்த இன்சூரன்ஸ்தானே? தனியாள் எண்டே விடும் பிள்ளை. இதில இவன்ர பேரை எழுதினீரெண்டா பிடிபடும். கெபெக் டாக்ஸில மருந்துக் காப்புறுதி ஆரின்ர வேலையால எண்டு கேள்வி இருக்கு. இன்சூரன்ஸ்காரனுக்குப் புருசன் இருக்கு, டாக்ஸ்காரனுக்குப் புருசன் இல்லை எண்டு ரெண்டு கதை சொல்லேலாது."

"அப்ப அவரின்ர தோள்?"

"பிசியோவுக்கு நான் காசு தாறன். இருவது தரமோ, முப்பது தரமோ, முழுக்க நான் தாறன். என்ர தம்பிதானே. சரியே?"

அவர் சொன்னால் செய்வார். அதுதான் கஷ்டம். நிரோஜா கடதாசியில் கண் வைத்தபடி நின்றாள். தலையாட்டிவிட்டால் போதும். தோளுக்கு வைத்தியம் நடக்கும், பிள்ளைக்காசும் வரும், அண்ணையும் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். தனியாள் என்ற சதுரத்தில் நாளைக்கு அவளே தன் கையால் ஒரு அடையாளம் போடவேண்டும். இதுவரை அறியாமல் போட்டது. இனி அறிந்து போடவேண்டும். அதைப் போடுகிறபோது சாருஜா பார்த்துக்கொண்டிருப்பாள்.

"திருத்தினா எவ்வளவு கட்டவேணும்?"

"விசரே உமக்கு? இருவத்தையாயிரத்துக்குக் குறையாது. வட்டியும் தண்டமும் வேற."

"நாங்களாப் போய்ச் சொன்னா தண்டம் குறையலாமாம். மிச்சத்தைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டலாமாம். பிழையா ஏதும் வந்தா அப்பிடிச் செய்யலாம் எண்டு யோசெப்பின் அக்கா ஒருக்காச் சொன்னவ."

"ஆர் அந்த யோசெப்பின்? அவவோ டாக்ஸ் செய்யிறவ?"

"இல்லை. அவ பொரிச்ச உருளைக்கிழங்கு லைன்ல நிக்கிறவ."

வினோஜனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். நிரோஜா பே ஸ்டப்பை எடுத்து அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"இஞ்ச பாருங்கோ. இதில ஏழு வரி வெட்டுறாங்கள். எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்கு, எதுக்கு எண்டு எனக்குத் தெரியும். இனி எட்டாவது ஒண்டு வரும். அதுக்கும் எதுக்கு எண்டு தெரிஞ்சு கட்டுவம். தெரியாமல் வாறது எனக்கு வேண்டாம்."

"பத்து வருசம் கட்டுவீர்," என்றார் அருமைராசா.

"கட்டுறன்."

அவள் கதிரையை இழுத்து இருந்து, பேனாவைத் திறந்தாள். தனியாள் என்பதைத் தாண்டி, குடும்பம் என்ற சதுரத்தில் ஒரு கோடு இழுத்தாள். கணவர் பெயர் என்ற இடத்தில் வினோஜன் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட பிறந்த திகதி?"

பதின்மூன்று வருடம் கேக் வாங்கிக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் கேட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். அவன் அண்ணையைப் பார்த்தான். பால் பெட்டியை மேசையில் வைத்தான். வலது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், இடது கையால் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"எண்பத்து நாலு," என்றான் மெதுவாக. "ஐப்பசி. பதினேழு."

அவள் எழுதினாள்.

"டேய், உனக்குமா விசர்?" அருமைராசா லப்டொப்பின் மூடியை அரைவாசி சாத்தினார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடமாகத் தன்னிடம் வந்து கையெழுத்து வைத்த சனம், இன்றைக்கு ஒரு பொரியல் லைன்காரியின் கதையைக் கேட்டுத் தன்னைப் பிழைகாரன் ஆக்குகிறது. "நான் என்ன கொலையா செய்தனான்? பேப்பரில பிரிஞ்சா மனுசர் பிரிஞ்சு போவினமே?" அவர் சிரித்துக் காட்டினார், இதெல்லாம் ஒன்றுமேயில்லை என்பதுபோல். "ஏன், நானும் நேசமும் பதினாலு வருசமாப் பேப்பரில பிரிஞ்சுதான் இருக்கிறம். ஒரே வீட்டில, ஒரே சட்டியில சாப்பிட்டுக்கொண்டு. எங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

சீப்பு நின்றது.

யாரும் சோபாப் பக்கம் திரும்பத் துணியவில்லை. நிரோஜாதான் முதலில் பார்த்தாள். சிவநேசத்தின் விரல்களுக்கிடையில் மூன்று புரி முடி அப்படியே நின்றது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். காலையில் இந்த மேசையில், அந்த நகலுக்கு முன்னால், அவளிடமும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

"நேசம், நான் சும்மா கதைக்கு..." என்றார் அருமைராசா.

விரல்கள் திரும்ப அசைந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமில்லாமல், நுனிவரை பின்னி முடித்தாள். சாருஜாவின் கையிலிருந்த ரப்பர் வளையத்தை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். பின்னலை எடுத்துப் பிள்ளையின் தோளுக்கு முன்னால் போட்டாள்.

பிறகு எழும்பி வாசலுக்குப் போனாள். குனிந்து பூட்ஸை மாட்டினாள். கோட்டை எடுத்துக் கழுத்துவரை பொத்தான் போட்டாள். பால்ரொட்டி டப்பா மேசையில் இருந்தது, அதை எடுக்கவில்லை. கதவைத் திறந்தாள், சத்தமில்லாமல் சாத்தினாள்.

மூன்று மாடிப் படிகளிலும் அவளுடைய காலடி இறங்குவது கேட்டது. சாருஜா யன்னலுக்கு ஓடினாள். கீழே, பனி கரைந்து சேறாகிக் கிடந்த தெருவில், தங்கள் காரைத் தாண்டிப் பஸ் தரிப்பிடத்தை நோக்கிச் சிவநேசம் நடந்துகொண்டிருந்தாள்.

கார்ச் சாவி லப்டொப்புக்குப் பக்கத்தில் இருந்தது.